திறந்த இதய அறுவையில் ஏற்றும் திரவங்களும் ரத்தம் உறைதலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அறுவை முடிந்து வெளியே வரும் டாக்டர், "கொஞ்சம் கசிவு இருக்கிறது, பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்று சொன்னதும் வீட்டாருக்கு முதலில் தோன்றுவது, "தையல் சரியாகப் போடவில்லையோ?" என்பதுதான். பல சமயம் தையலில் ஒரு குறையும் இருக்காது. ரத்தம் நீர்த்துப்போய், உறையும் திறனை இழந்திருக்கும். அதில் நாங்கள் ஏற்றிய திரவத்துக்கும் பங்கு உண்டு. இதய-நுரையீரல் இயந்திரத்தின் பக்கத்தில் நிற்கும் வேலை என்னுடையது. நோயாளிகளின் பிள்ளைகளும் நர்சிங் மாணவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

பிளாஸ்மா மாற்றுத் திரவம் என்றால் எது? டிரிப்ஸில் போகும் சலைனும் அதில் சேருமா?

ரத்தத்திலிருந்து அணுக்களைப் பிரித்துவிட்டால் மிஞ்சும் வைக்கோல் நிற நீர்தான் பிளாஸ்மா. ஆல்புமின், ஃபைப்ரினோஜன் முதலான புரதங்கள் அதில் கரைந்திருக்கும். ரத்தம் குறையும்போது குழாய்கள் சுருங்கிவிடாமல், அழுத்தம் விழாமல் பார்த்துக்கொள்ள ஏதாவது ஒன்றை ஏற்றியாக வேண்டும். சலைன், ரிங்கர் லாக்டேட் (வார்டில் 'ஆர்.எல்.') ஆகியவை உப்புக் கரைசல்கள். ஏற்றிய கொஞ்ச நேரத்தில் பெரும்பகுதி குழாய்களை விட்டு வெளியேறித் திசுக்களுக்குள் போய்விடும். இன்னொரு வகை கொலாய்டு. பெரிய மூலக்கூறுகள் கலந்தது என்பதால் குழாய்க்குள் அதிக நேரம் தங்கும். ஸ்டார்ச், ஜெலட்டின், டெக்ஸ்ட்ரான், ஆல்புமின் எல்லாம் இந்த வகை. கறாராகப் பார்த்தால் 'பிளாஸ்மா மாற்று' என்ற பெயர் கொலாய்டுகளுக்குத்தான்.

பெயர்தான் கொஞ்சம் ஏமாற்றும். பிளாஸ்மா செய்யும் பல வேலைகளில் இடத்தை நிரப்புவதை மட்டும்தான் இவை செய்கின்றன. ரத்தத்தை உறையவைக்கும் காரணிகளை இவற்றால் ஈடுசெய்ய முடியாது.

அறுவையின்போது இவை உடலுக்குள் எப்படிப் போகின்றன?

டிரிப்ஸ் வழியாகப் போவது எல்லாருக்கும் தெரியும். இதய அறுவையில் இன்னொரு வழியும் உண்டு. இதயத்தை நிறுத்திவிட்டு ரத்தத்தை இயந்திரத்தின் வழியே ஓட்டும்போது, அதன் குழாய்கள் காலியாக இருக்கக் கூடாது. உள்ளே காற்று இருந்தால் அது நேராக மூளைக்குப் போய்விடும். அதனால் முன்கூட்டியே திரவம் ஊற்றி நிரப்பி வைப்போம். இதற்கு 'பிரைம்' என்று பெயர். பெரியவர்களுக்குச் சுமார் ஒன்றேகால் முதல் இரண்டு லிட்டர் வரை. இயந்திரத்தின் பம்ப் ஓடத் தொடங்கிய சில நிமிடங்களில் இது முழுவதும் நோயாளியின் ரத்தத்தோடு கலந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 கிலோ எடையுள்ளவருக்குக் கிலோவுக்கு 70 மி.லி. வீதம் ரத்தம் 4.2 லிட்டர். ஹீமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) 40 சதவீதம் என்றால் பிளாஸ்மா ஏறக்குறைய 2.5 லிட்டர். 1.4 லிட்டர் பிரைம் கலந்ததும் ஹீமடோக்ரிட் 30-க்கு இறங்கும். இது எல்லாரும் கவனிக்கிற எண். பலர் கவனிக்காதது இன்னொன்று. சேர்ந்த திரவம் முழுவதும் பிளாஸ்மா பக்கம்தான் சேர்கிறது. 2.5 லிட்டராக இருந்த பிளாஸ்மா 3.9 லிட்டர் ஆகிவிட்டது. லிட்டருக்கு 3 கிராமாக இருந்த ஃபைப்ரினோஜன் 1.9-க்கு வந்துவிடும். அதாவது சிவப்பணுக்கள் கால்பங்கு நீர்த்தால், உறைபொருள்கள் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் நீர்த்துவிடுகின்றன. இதற்கு மேல் இதயத்தை நிறுத்தும் கார்டியோபிளீஜியா கரைசல் வேறு.

பச்சைக்குழந்தைகளுக்கு நிலைமை இன்னும் மோசம். 3 கிலோ குழந்தையின் மொத்த ரத்தமே கால் லிட்டர்தான். இயந்திரத்தின் குழாய்களும் கிட்டத்தட்ட அந்த அளவு கொள்ளும். அதனால் அவர்களுக்குப் பிரைமிலேயே ரத்தத்தைச் சேர்த்துவிடுவோம்.

ரத்தம் உறையக் கூடாது என்று நீங்களே மருந்து போடுகிறீர்கள். அப்புறம் உறையவில்லை என்று ஏன் கவலைப்படுகிறீர்கள்?

நியாயமான கேள்வி. பிளாஸ்டிக் குழாயையும், ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் ஏற்றும் ஆக்ஸிஜனேட்டரையும் தொட்டாலே ரத்தம் உறையத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கக் கிலோவுக்கு 300 முதல் 400 யூனிட் ஹெப்பாரின் கொடுக்கிறோம். ஏ.சி.டி. என்ற சோதனையில் உறையும் நேரம் 480 நொடியைத் தாண்டிய பிறகுதான் பெரும்பாலான இடங்களில் பம்ப் தொடங்கும். வேலை முடிந்ததும் புரோட்டமின் கொடுத்து ஹெப்பாரினை முறிப்போம். அந்த நிமிடத்திலிருந்து ரத்தம் பழையபடி உறைந்தாக வேண்டும். தைத்த இடங்கள், அறுத்த மார்பெலும்பு, ஊசி துளைத்த புள்ளிகள் என்று எல்லாம் அதைத்தான் நம்பியிருக்கின்றன. நீர்த்துப்போன ரத்தம் சிக்கல் செய்வதும் அப்போதுதான்.

வெறும் உப்பு நீர்கூட உறைதலைக் கெடுக்குமா?

நிறையப் போனால் கெடுக்கும். உறையும் காரணிகள், தட்டணுக்கள் (பிளேட்லெட்) எல்லாமே நீர்க்கும். அவற்றுள் முதலில் அபாய அளவுக்கு இறங்குவது ஃபைப்ரினோஜன். அதுதான் உறைகட்டியின் நூல். நூல் இல்லாமல் வலை பின்ன முடியாது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. உப்புக் கரைசலால் ரத்தத்தை இருபது, முப்பது சதவீதம் மட்டும் நீர்த்தால், சோதனைக்கருவியில் அது வழக்கத்தைவிடச் சீக்கிரம் உறைவதைப் பார்க்கலாம். உறைதலுக்குக் கடிவாளம் போடும் ஆன்டித்ராம்பின் போன்றவையும் சேர்ந்து நீர்ப்பதுதான் இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது. நீர்ப்பு பாதியைத் தாண்டும்போது கதை தலைகீழாகிவிடும்.

உப்பு நீரின் கெடுதலைக் கணக்கிட்டுவிடலாம். எத்தனை லிட்டர் போயிற்றோ அவ்வளவு நீர்ப்பு. சில கொலாய்டுகளோ நீர்ப்பதோடு நிற்பதில்லை. உறையும் இயந்திரத்துக்குள்ளேயே கைவைக்கின்றன. என் கவலை அதைப் பற்றித்தான்.

ஸ்டார்ச் அப்படி என்ன செய்கிறது?

ஹைட்ராக்ஸிஎத்தில் ஸ்டார்ச் என்பது மக்காச்சோளம் அல்லது உருளைக்கிழங்கு மாவுச்சத்திலிருந்து செய்வது. உடலில் உள்ள அமைலேஸ் நொதி அதைச் சட்டென்று உடைத்துவிடாதபடி ரசாயன மாற்றம் செய்திருப்பார்கள். அது மூன்று இடங்களில் தலையிடுகிறது.

முதலாவது, எட்டாம் காரணி, அதைச் சுமந்து செல்லும் வான் வில்லிபிராண்டு காரணி இரண்டின் அளவும் நீர்ப்பினால் குறைய வேண்டியதைவிட அதிகமாகக் குறைகிறது. வான் வில்லிபிராண்டு காரணிதான் கிழிந்த குழாய்ச் சுவரில் தட்டணுக்களை ஒட்டவைக்கும் பசை. பிறவியிலேயே அது குறைந்தவர்களுக்கு ஒரு ரத்தக்கசிவு நோயே இருக்கிறது. நிறைய ஸ்டார்ச் ஏற்றினால் ஆரோக்கியமான ஆளும் தற்காலிகமாக அந்த நிலைக்கு வந்துவிடலாம். இரண்டாவது, தட்டணுக்களின் மேற்பரப்பில் படிந்து, அவை ஒன்றோடொன்று கைகோக்கும் ஏற்பிகளை மறைக்கிறது. மூன்றாவது, ஃபைப்ரினோஜனிலிருந்து உருவாகும் ஃபைப்ரின் இழைகள் சேர்ந்து பின்னும்போது நடுவில் புகுந்து வலையைத் தளர்வாக்குகிறது. கட்டி உருவாகும், ஆனால் உறுதி இருக்காது.

பம்ப் ஓட்டமே தட்டணுக்களை நைத்துவிடும். உடல் குளிர்ந்திருக்கும், ஹெப்பாரின் கொஞ்சம் மிச்சமிருக்கலாம். இதன்மேல் ஸ்டார்ச்சையும் ஏற்றினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஸ்டார்ச் பேக்கில் 450/0.7, 130/0.4 என்று போட்டிருப்பது என்ன?

முதல் எண் மூலக்கூறின் சராசரி எடை, கிலோடால்டனில். இரண்டாவது, ஒவ்வொரு குளுக்கோஸ் அலகிலும் சராசரியாக எத்தனை ஹைட்ராக்ஸிஎத்தில் ஒட்டியிருக்கிறது என்பது. இரண்டும் கூடக்கூட ஸ்டார்ச் உடலில் தங்கும் காலமும் உறைதலுக்குச் செய்யும் கெடுதலும் கூடும். முதலில் வந்தது 450/0.7 வகை. பிறகு 200/0.5, கடைசியாக 130/0.4. முதல் வகையைப் பம்ப் கேஸ்களில் (இதய-நுரையீரல் இயந்திரம் வைத்துச் செய்யும் அறுவைகளில்) பயன்படுத்தக் கூடாது என்ற எச்சரிக்கை அமெரிக்காவில் 2000-களின் தொடக்கத்திலேயே லேபிளில் வந்துவிட்டது.

புதிய ஸ்டார்ச் பாதுகாப்பானது என்றுதானே சொன்னார்கள்?

சொன்னார்கள். நாங்களும் நம்பினோம். அந்த நம்பிக்கை வளர்ந்த கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபென் நகரத்தில் யோவாகிம் போல்ட் என்ற மயக்க மருத்துவர் இருந்தார். கொலாய்டு ஆய்வில் உலகில் அதிகம் எழுதியவர்களில் ஒருவர். ஸ்டார்ச்சுக்கு ஆதரவாக அவர் பெயரில் கட்டுரைகள் வந்துகொண்டே இருந்தன. 2009 இறுதியில் 'அனஸ்தீசியா அண்ட் அனால்ஜீசியா' இதழில் ஒரு கட்டுரை வெளியானது. விஷயம் இந்தப் பக்கத்தின் விஷயமேதான்: இதய-நுரையீரல் இயந்திரத்தின் பிரைமில் ஸ்டார்ச் நல்லதா, ஆல்புமின் நல்லதா? ஸ்டார்ச் நல்லது என்று முடிவு.

படித்த சிலருக்கு எண்கள் உறுத்தின. மனித உடலிலிருந்து எடுத்த ரத்தச் சோதனை முடிவுகள் ஆளுக்கு ஆள் கொஞ்சமாவது தாறுமாறாக இருக்கும். இவருடைய எண்களோ அநியாயத்துக்கு ஒழுங்காக இருந்தன. இதழாசிரியருக்குக் கடிதங்கள் போயின, விசாரணை நடந்தது. நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லை, நோயாளிகளின் ஒப்புதல் வாங்கியதற்கு ஆதாரம் இல்லை. 2010 அக்டோபரில் இதழ் அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெற்றது. 2011-இல், அனுமதி இல்லாமல் நடத்தியவை என்று 80-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை வெவ்வேறு இதழ்களின் ஆசிரியர்கள் திரும்பப் பெற்றார்கள்.

ஒருவர் செய்த மோசடி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பல ஆய்வுகளைத் திரட்டி ஒன்றாகக் கணக்கிடும் தொகுப்பாய்வுகளில் இவருடைய ஆய்வுகளும் கலந்திருந்தன. 2013-இல் 'ஜாமா' இதழில் வந்த ஒரு தொகுப்பாய்வு அவருடைய 7 ஆய்வுகளை எடுத்துவிட்டு மறுபடி கணக்கிட்டுப் பார்த்தது. தீவிர சிகிச்சை நோயாளிகளில் ஸ்டார்ச் மரணத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் கூட்டுவது அதன்பிறகு தெளிவாகத் தெரிந்தது.

இதய அறுவைக்கென்று தனியாக ஏதாவது ஆதாரம் உண்டா?

உண்டு. 2012-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பம்ப் கேஸ்களில் ஸ்டார்ச்சையும் ஆல்புமினையும் ஒப்பிட்ட 18 ஆய்வுகளை, மொத்தம் 970 நோயாளிகளை எடுத்துக்கொண்டது. ஸ்டார்ச் பெற்றவர்களுக்கு அறுவைக்குப் பிந்தைய ரத்த இழப்பு அதிகம். கசிவுக்காக மார்பை மறுபடி திறக்கும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கும் மேல். மூலக்கூறு எடை குறைந்த ஸ்டார்ச்சில் இந்த ஆபத்து குறையும் என்பதற்கு ஆதாரமும் கிடைக்கவில்லை.

அதே ஆண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளும் வந்தன. வட ஐரோப்பாவின் '6எஸ்' ஆய்வில், கடுமையான செப்சிஸ் (உடலெங்கும் பாதிக்கும் கிருமித்தொற்று) நோயாளிகளில் ஸ்டார்ச் பெற்றவர்களில் 51 சதவீதம் பேர் 90 நாளுக்குள் இறந்தார்கள். ஆர்.எல். போன்ற உப்புக் கரைசலான ரிங்கர் அசிட்டேட் பெற்றவர்களில் 43 சதவீதம். ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 7,000 பேரிடம் நடந்த 'செஸ்ட்' ஆய்வில் மரணத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் ஸ்டார்ச் பக்கம் அதிகம்.

2013-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., லேபிளில் இடும் மிகக் கடுமையான 'கறுப்புப் பெட்டி' எச்சரிக்கையை விதித்தது. திறந்த இதய அறுவையில் கசிவு கூடும் என்ற எச்சரிக்கையும் அப்போதே சேர்ந்தது. 2021-இல் அதை இன்னும் கடுமையாக்கினார்கள். 2022-இல் ஐரோப்பிய ஒன்றியம் விற்பனை அனுமதியையே நிறுத்திவைத்தது. இவ்வளவுக்கும் பிறகு பம்ப் பிரைமில் ஸ்டார்ச் ஊற்ற எனக்குக் கை வராது.

டெக்ஸ்ட்ரான்?

ஸ்வீடனின் உப்சாலாவில் 1940-களில் உருவானது. சர்க்கரைக் கரைசலில் ஒருவகை பாக்டீரியாவை வளர்த்து எடுப்பார்கள். உறைதலை அது எவ்வளவு தடுக்கும் என்றால், ரத்தக்குழாய் அறுவையில் கட்டி தட்டாமல் இருக்கவே அதைக் கொடுத்திருக்கிறார்கள். சிவப்பணுக்களை ஒட்டவைத்து ரத்தப் பொருத்தம் பார்ப்பதையும் குழப்பும். இதய அறுவையில் இன்று அதற்கு இடமில்லை.

ஹீமாக்செல் எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். அது பரவாயில்லையா?

ஹீமாக்செல் ஒரு ஜெலட்டின் திரவம். இந்தியாவில் நெடுங்காலமாகப் புழக்கத்தில் இருப்பது. ஜெலட்டின் மூலக்கூறு சிறியது, சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். உறைதலில் அதன் தலையீடு ஸ்டார்ச்சைவிடக் குறைவு என்பது பொதுவான கருத்து. ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. ஃபைப்ரின் வலையை அதுவும் தளர்த்துகிறது. ஒவ்வாமை எதிர்வினை வரும் வாய்ப்பு ஜெலட்டினில் கூடுதல்.

மாணவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று: ஹீமாக்செலில் கால்சியம் உண்டு. ரத்தப் பையில் உறையாமல் இருக்கச் சிட்ரேட் சேர்த்திருப்பார்கள், அந்தச் சிட்ரேட்டை இந்தக் கால்சியம் முறித்துவிடும். ஒரே லைனில் இரண்டையும் விட்டால் குழாய்க்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளும். லைனை மாற்றுங்கள்.

ஜெலட்டின் மாட்டு எலும்பிலிருந்து எடுப்பது. சொல்லாமல் ஏற்றிவிட்டுப் பிறகு தெரிந்து மனம் வருந்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது முக்கியம் என்று நினைப்பவர்கள் அறுவைக்கு முந்தைய நாளே மயக்க மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

ஆல்புமின் நம் உடம்பில் உள்ளதுதானே? அதையே கொடுத்துவிடலாமே?

நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன். பிரைமில் கொஞ்சம் ஆல்புமின் ஊற்றினால் அது பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் படலமாகப் படிந்து, ஃபைப்ரினோஜனும் தட்டணுக்களும் அங்கே ஒட்டி வீணாவதைக் குறைக்கும். இது உண்மைதான். விலை அதிகம் என்பதுதான் ஒரே குறை என்று நினைத்திருந்தோம்.

2022-இல் ஃபின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து வந்த ஆய்வு அதை அசைத்துவிட்டது. 1,386 இதய அறுவை நோயாளிகள். ஒரு பாதிக்குப் பிரைமிலும் அதன் பிறகும் 4 சதவீத ஆல்புமின், மறுபாதிக்கு ரிங்கர் அசிட்டேட். பெரிய பாதகங்கள் ஆல்புமின் பக்கம் 37.1 சதவீதம், ரிங்கர் பக்கம் 33.8. இந்த வித்தியாசம் புள்ளியியல்படி உறுதியானதல்ல. ஆனால் தனித்தனியாகப் பார்க்கும்போது கசிவும் மார்பை மறுபடி திறப்பதும் ஆல்புமின் பக்கம்தான் அதிகம்.

இதற்கு முன்பே, 2014-இல், வியன்னாவில் 240 பேரிடம் ஆல்புமின், 130/0.4 ஸ்டார்ச், ஆர்.எல். மூன்றையும் ஒப்பிட்டிருந்தார்கள். டிரெயினில் (மார்பில் வைக்கும் வடிகுழாயில்) வந்த ரத்தத்தில் வேறுபாடு இல்லை. ஆனால் ரத்தமோ ரத்தப் பொருளோ ஏற்ற வேண்டிவந்தவர்கள் ஆர்.எல். பெற்றவர்களில் 35 சதவீதம், மற்ற இரண்டிலும் 60-க்கும் மேல். காரணம் எளிது. ஆர்.எல். குழாயை விட்டுக் கசிந்துவிடுவதால் உள்ளே இருக்கும் ரத்தம் மறுபடி அடர்த்தியாகிவிடுகிறது. ஆல்புமின் உள்ளேயே தங்கி நீர்ப்பையும் தக்கவைக்கிறது. உள்ளே தங்குவதைத்தான் கொலாய்டின் பெருமையாகப் படித்திருந்தோம்.

அப்படியானால் ஆர்.எல். மட்டும் போதுமே?

பல நோயாளிகளுக்குப் போதும். ஆனால் கசிந்த நீர் எங்கே போகும்? நுரையீரல், குடல், முகம் எல்லாம் வீங்கும். எடை சில கிலோ கூடும். இதயம் பலவீனமானவர்களுக்கு இது விளையாட்டல்ல. எந்தத் திரவம் என்ற சண்டையைவிட எவ்வளவு என்ற கேள்விக்கே நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

பிரைமின் அளவைக் குறைக்கக் குட்டைக் குழாய்கள், சின்ன ஆக்ஸிஜனேட்டர் வைக்கலாம். நோயாளியின் சொந்த ரத்தத்தைப் பின்னோக்கி விட்டுப் பிரைம் திரவத்தை வெளியே தள்ளிவிடும் முறையும் உண்டு. செலவு ஏதும் இல்லாதது, பத்து நிமிடப் பொறுமைதான் வேண்டும். அதிகப்படி நீரை வடிகட்டியெடுக்க அல்ட்ராஃபில்ட்ரேஷன் இருக்கிறது. சிந்தும் ரத்தத்தைக் கழுவித் திரும்பக் கொடுக்கும் செல் சேவர் நல்ல கருவிதான். ஆனால் அது சிவப்பணுவை மட்டுமே திருப்பித் தரும், பிளாஸ்மாவும் தட்டணுக்களும் கழுவிய நீரோடு போய்விடும். லிட்டர் லிட்டராகக் கழுவினால் அதுவும் ஒருவகை நீர்ப்புதான்.

கசிவுக்குக் காரணம் நீர்ப்பா, மிச்ச ஹெப்பாரினா, தையலா என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

டெக் அல்லது ரோட்டெம் என்ற கருவி இருந்தால் எளிது. ஒரு சிறு கிண்ணத்தில் ரத்தத்தை விட்டு, அது எப்போது கட்டத் தொடங்குகிறது, கட்டி எவ்வளவு உறுதியாகிறது என்று வரைபடமாகக் காட்டும். ஹெப்பாரின் மிச்சமா, ஃபைப்ரினோஜன் போதவில்லையா, தட்டணுக்கள் சோர்ந்திருக்கின்றனவா என்று கால் மணி நேரத்தில் ஓரளவு பிரித்தறியலாம். அதற்கேற்ப இன்னும் கொஞ்சம் புரோட்டமின், அல்லது ஃபைப்ரினோஜன் செறிந்த கிரையோபிரெசிபிடேட், அல்லது தட்டணு. வரைபடம் நன்றாக இருந்தும் ரத்தம் கொட்டினால் சர்ஜனைத்தான் பார்க்க வேண்டும். கருவி இல்லாத இடங்களில் ஃபைப்ரினோஜன் அளவையாவது கேட்டு வாங்குங்கள். கசிவு இருக்கும்போது லிட்டருக்கு 1.5 கிராமுக்குக் கீழே போனால் பெரும்பாலும் ஈடுசெய்ய வேண்டியிருக்கும்.

உறைந்த கட்டி கரையாமல் இருக்க டிரானெக்ஸாமிக் அமிலம் கிட்டத்தட்ட எல்லாருக்கும் கொடுக்கிறோம். ஆனால் கட்டியே உருவாகாத இடத்தில் அதற்கு வேலை இல்லை.

அறுவைக்கு முன் வீட்டார் என்ன சொல்ல வேண்டும்?

தட்டணுக்கள் ஒட்டுவதைத் தடுக்கும் குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரை சாப்பிடுகிறாரா, கடைசியாக என்று சாப்பிட்டார் என்பதைச் சொல்லுங்கள். அவசரமில்லாத கேஸில் குளோபிடோக்ரெலை வழக்கமாக 5 நாள் முன்பே நிறுத்துவார்கள், ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடர்வார்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம். பல் பிடுங்கியபோது மணிக்கணக்கில் ரத்தம் நிற்காமல் வந்ததா, பிரசவத்தில் அளவுக்கு மீறிப் போனதா, சிறுநீரகக் கோளாறு உண்டா? இவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். வான் வில்லிபிராண்டு குறைபாடு பலருக்கு இப்படித்தான் முதன்முதலில் பிடிபடுகிறது.

டிரெயினில் எவ்வளவு ரத்தம் வந்தால் கவலைப்பட வேண்டும்?

முதல் சில மணி நேரம் கொஞ்சம் வருவது இயல்பு. மணிக்கு 200 மி.லி.யைத் தாண்டித் தொடர்ந்து வந்தால் டாக்டர்கள் மறுபடி திறப்பதைப் பற்றி யோசிக்கத் தொடங்குவார்கள். ஆளின் எடை, நிறம், அழுத்தம் எல்லாம் பார்த்துத்தான் முடிவு. நன்றாக வந்துகொண்டிருந்தது திடீரென்று நின்று, அழுத்தமும் விழுந்தால் அதுவும் ஆபத்து. டிரெயின் அடைத்து, ரத்தம் இதயத்தைச் சுற்றித் தேங்கி அதை நெரிக்கலாம். ஐ.சி.யூ. நர்ஸ் டிரெயின் பாட்டிலில் டேப் ஒட்டி, மணிக்கொரு கோடு போட்டு, பக்கத்தில் நேரம் எழுதி வைப்பது இதற்காகத்தான்.